சாய்ந்த தரை

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் செருமக்கூட இல்லை.

மறுபடி திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலைச் சோதனையில் சமர்த்தாய் ஓடிய தீயணைப்பு வண்டிக்கு, அதிகாரி வந்து நின்ற பிறகா பேட்டரி போக வேண்டும்?

ஒத்திகை மணி அடித்துப் பதினைந்து விநாடி ஆகிவிட்டது.

அதிகாரி வாசலோரம் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்குள் வண்டி தெருவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளைக்காரன் காலத்து இந்த நிலையத்தை இடிக்கக் கையெழுத்துப் போட்டுவிடுவார். புதியது பைபாஸில் வரும். பஞ்சுக்கிடங்குத் தெரு பற்றிக்கொண்டால் அங்கிருந்து வர இருபது நிமிடம்.

பஞ்சு இருபது நிமிடம் காத்திருக்குமா?

அவள் வீடும் அந்தத் தெருவில்தான்.

கட்டடத்தின் குறைகளென்று அதிகாரி ஒரு பட்டியலே வைத்திருந்தார். மணிக்கூண்டில் விரிசல். வளைவு வாசல் குறுகல். எல்லாவற்றுக்கும் முதலாக, தரை சாய்வு.

சாய்வுதான். யார் இல்லையென்றது? கேரம்போர்டுகூட ஆட முடியாது. கட்டிய கொத்தனாரை அவளே எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள்.

இருபத்தைந்து.

வண்டியின் பின்னாலிருந்து மூத்தவர் செல்வின் கத்தினார்.

"எறங்கித் தள்ளுவமா தங்கச்சி?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தத் தரையில் முதன்முதலில் நின்றது எஞ்சினே இல்லாத வண்டி. ஆட்கள் கையால் இழுத்துக்கொண்டு ஓடிய தண்ணீர் வண்டி. கொத்தனாருக்குக் கை பிசகவில்லை. மனுஷன் யோசித்துத்தான் வாசல் பக்கமாகச் சாய்த்திருக்கிறான்.

"வேண்டாம்ணே. ஏறுங்க!"

கிளட்சை மிதித்தாள். இரண்டாவது கியரில் போட்டாள். பிரேக்கை விட்டாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, ஆறு ஆட்களையும் தொட்டி நிறையத் தண்ணீரையும் சுமந்துகொண்டு அந்தச் சிவப்பு வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. வேகம் பிடித்தது. வளைவு வாசல் தலைக்குமேல் வந்ததும் கிளட்சை விட்டாள்.

வண்டி குலுங்கியது. எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

எதிர்ச் சாரி டீக்கடையில் விசில் பறந்தது. அவள் சைரனைப் போட்டாள். எங்கும் தீயில்லை, தேவையுமில்லை. ஆனாலும் போட்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

நாற்பத்து நான்கு விநாடி.

ஒரு சுற்றுச் சுற்றி அவர்கள் திரும்பியபோது, காலியான கூடத்தின் நடுவே அதிகாரி தனியாகக் குந்தியிருந்தார். கையெழுத்துக்கென்று வைத்திருந்த பேனாவைத் தரையில் படுக்க வைத்தார்.

அது வாசலைப் பார்த்து உருண்டது.

எடுக்க அவர் எழுந்திருக்கவில்லை.