காலர் அழுக்கு

"கறுப்புச் சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் ஒரே பக்கெட்டுல ஊறப் போடற பொண்ணு, புருஷனை என்ன லட்சணத்துல பாத்துப்பா?"

ஈரத் துணியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த புதுக் குடித்தனக்காரியின் காதில் அது விழுந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காதவள் போல மொட்டை மாடிக்கு வந்தாள்.

பேசியது சொட்டுநீல அக்கா. வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் பக்குவத்துக்காக வந்த பெயர் என்று அக்கா நினைத்திருந்தாள். ஒரு சொட்டு விட்டால் வாளி முழுக்கப் பரவுகிற குணத்துக்காக வந்த பெயர் என்பது குடியிருப்பில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

பேச்சுக்கு இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

புதியவளின் கணவனை யாரும் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் தூங்குவார் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் அவன் சட்டைகளைப் பார்க்காதவர் இல்லை. வாசல் கேட்டில் நுழைந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது முன்பக்கக் கொடியில் ஆடும் அந்த இரண்டு சட்டைகள்தான்.

அக்கா ஏற்கெனவே புத்தி சொல்லியிருந்தாள். கறுப்பை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடு, நிழலில் காயவை, வெள்ளைக்குப் போடும் பவுடர் சாயத்தைத் தின்றுவிடும் என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றவள், மறுநாளே அதே பவுடரில் துவைத்து, அதே முன்கொடியில், வெயிலைப் பார்க்க மாட்டினாள். அக்காவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

இன்றும் அதே கொடி. அக்காவால் பொறுக்க முடியவில்லை. சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாரு. வெள்ளையும் சாம்பலாயிடுச்சு, கறுப்பும் சாம்பலாயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஆயிடும்."

காட்டுவதற்காகக் கறுப்புச் சட்டையின் காலரைப் பிடித்தவள், பேச்சை நிறுத்தினாள். காலரைத் திருப்பிப் பார்த்தாள். கையோரத்தைப் பார்த்தாள். முழங்கைப் பக்கம் தடவினாள்.

"போட்டுக்கற சட்டைன்னா கழுத்துலயும் முழங்கையிலயும்தான் முதல்ல வெளுக்கும்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இது தோள்ல வெளுத்திருக்கு. இந்தச் சட்டையைக் கொடிதான் போட்டுக்குது."

அந்தப் பெண் கீழே வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். போன வருஷம் வேலைக்குப் போன வழியில் லாரி மோதி அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம் தனி ஆள் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த வீட்டு ஓனரும் குடும்பத்துக்குத்தான் விடுவேன் என்றார். இரவு வேலை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். மாமியார் வீட்டிலிருந்து அவளால் எடுத்து வர முடிந்தது இரண்டே சட்டைகள். கேட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமே என்றுதான் முன்கொடி.

"துவைக்காம மடிச்சு வச்சிருந்தேன்க்கா. வீடு வேணுமேன்னுதான் துவைச்சேன். முதல்ல வாசனை போச்சு. இப்ப நிறமும் போகுது."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டு ஓனர். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர், கொடியைப் பார்த்ததும் நின்றார். அவளிடம் அவர் பேசவில்லை. அக்காவிடம்தான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாம இந்தக் கட்டடத்துல எதுவும் நடக்காது. இவங்க வீட்டுக்காரரை நீங்க பாத்திருக்கீங்களா, இல்ல சட்டைய மட்டும்தானா? பொய் சொல்லி வந்திருந்தா இந்த மாசமே காலி பண்ணிடணும்."

அந்தப் பெண் கையிலிருந்த கிளிப்பை அழுத்தி அழுத்தித் திறந்துகொண்டிருந்தாள்.

அக்கா துவைக்கும் கல்லுக்குப் போனாள். அங்கே சோப்பு நுரையில் கிடந்தது லாரி ஓட்டும் தன் கணவரின் சட்டை. அதைத் தூக்கி, காலரை ஓனரின் மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"பாக்காம என்ன? ராத்திரி முழுக்க மெஷினோட மல்லுக்கட்டற மனுஷன் காலரு, எப்படி இருக்கு பாருங்க. இந்தப் பொண்ணுக்கு அழுக்கெடுக்கத் தெரியல. நான் உக்காந்து தேய்ச்சுக் குடுத்துட்டிருக்கேன்."

ஓனர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

செருப்புச் சத்தம் அடங்கியது.

அக்கா முன்கொடியிலிருந்த இரண்டு சட்டைகளையும் எடுத்தாள். கறுப்பை மட்டும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். "வீட்டுக்குள்ளயே நிழல்ல காயப் போடு. இனிமே துவைக்காத" என்று அவள் கையில் கொடுத்தாள்.

பிறகு கல்லடிக்குப் போய், காலரை மட்டும் தேய்க்காமல் தன் கணவரின் சட்டையை அலசிப் பிழிந்து கொண்டுவந்து, அழுக்குக் காலர் வாசலைப் பார்க்கும்படி அதே முன்கொடியில் மாட்டினாள்.