ஏறாத சைக்கிள்

"சைக்கிள் மேடு ஏறவே கூடாது, தங்கச்சி. ஒத்தை கியர்ல அப்படி ஒண்ணு கட்டிக் குடு."

போகோட்டாவில் ஏழு வருடமாக சைக்கிள் கடை நடத்தும் யெசெனியா, எவாரிஸ்தோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்தை கியர் வண்டின்னா ஏறுமான்னுதான் கேப்பாங்க. நீங்க ஏறக் கூடாதுங்கறீங்க. எறங்கலாம்ல?"

"எறங்கறதைப் பத்தி எனக்கென்ன? பாத்தியோஸ் மேட்டுல பாதியிலயே முட்டி கழண்டுறணும்."

அந்த மேட்டின் உச்சியில்தான் அவனுடைய மாமியார் ஒதிலியாவின் வீடு. ஞாயிறு தவறாமல் மனைவி மார்லேன் அவனைச் சைக்கிளில் அங்கே இழுத்துக்கொண்டு போவாள். மூன்று கிண்ணம் அஹியாகோ சூப் உள்ளே இறங்குவதற்குள், மார்லேனை முதலில் பெண் கேட்டு வந்த பல் டாக்டரின் புகழை மாமியார் முப்பது தடவை பாடிவிடுவார். பதினோரு வருடமாக இதே கதை. மனிதன் நொந்து நூலாகியிருந்தான். பழைய வண்டியில் இருபத்தொரு கியர் இருந்ததால், ஏற முடியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"முன்னாடி செயின் வீலுக்கு நாப்பத்தாறு பல்லு, பின்னாடி பதினாறு. சரியா இருக்கும்" என்றாள் யெசெனியா.

"போதாது. பல்லு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாத."

"ஐம்பத்துமூணும் பதிமூணும் போடவா? மேட்டுல மிதிச்சா சுவரை மிதிக்கற மாதிரி இருக்கும்ணே."

"அதைப் போடு!"

"ஹேண்டில்பாரு? அகலமா வெச்சா எழுந்து நின்னு இழுத்துப் பிடிச்சு எப்படியாவது ஏறிருவீங்க."

"ஐயையோ, வேண்டாம்! அறுத்துரு."

யெசெனியா ரம்பத்தை எடுத்து இரண்டு பக்கமும் அறுத்தாள். மிச்சமிருந்தது பூரிக்கட்டை நீளம்தான்.

வண்டி தயாரானதும் கடைக்கு எதிரே இருந்த சின்ன மேட்டில் ஏற்றிப் பார்த்தான். பத்தடி போவதற்குள் மூச்சு முட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். யெசெனியாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"மார்லேன்! இனிமே உங்கம்மா வீட்டுக்கு நீ மட்டும் போயிட்டு வா. என் வண்டி மேடு ஏற மாட்டேங்குது!" என்று வாசலிலிருந்தே கத்தினான்.

"இனிமே யாரும் ஏற வேண்டாம், மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து ஒதிலியாவின் குரல் கேட்டது.

கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள். பக்கத்தில் புத்தம்புது ஒத்தை கியர் சைக்கிள், அறுத்த ஹேண்டில்பாரோடு.

"யெசெனியாதான் கட்டிக் குடுத்தா. எறங்கும்போது என்ன ஜம்முனு வருது தெரியுமா?" என்றார் மாமியார். "ஆனா திரும்பி ஏறவே ஏறாது. அப்படித்தான் கேட்டு வாங்கினேன்!"