ஓய்வுப் பாடு

மெஹருன்னிசா இரண்டு சீட்டு எழுதினாள். இரண்டிலும் கோவிந்தம்மாவின் பேரையே எழுதினாள்.

மடித்துச் சட்டியில் போட்டபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பார்த்தவர்கள் பரம சாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இனிக் குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. ஏரிக்கரையில் ஆறு கட்டில். அவள் நர்ஸ், கோவிந்தம்மா ஆயா.

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் மாறி மாறி முழு ஓய்வு எடுத்தே ஆகவேண்டும் என்று பட்டணத்து நிர்வாகம் உத்தரவு போட்டு, ஓய்வு எடுத்ததை எழுதிவைக்க ஒரு நோட்டும் அனுப்பியிருந்தது. கோவிந்தம்மா தன் முறைக்கு ஒழுங்காக வீட்டுக்குப் போனாள். மெஹருன்னிசா போகவே இல்லை. நோட்டு மட்டும் ஒழுங்காக நிரம்பியது.

காரணம் இங்கே நோயாளியாக இருந்த சந்தியாகு. சித்திரையில் ஒரு வெள்ளி, அவள் வீட்டில் உட்கார்ந்து இறால் தொக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நர்ஸம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டு அந்த மனிதர் கண்ணை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து பயம். தான் இல்லாத நாளாகப் பார்த்து இன்னொருவர் போய்விடுவார் என்று. தூக்கம் போனது. நேற்று வலி மருந்தை அளக்கும்போது இரண்டு தடவை அளவு தப்பியது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மூன்றாம் கட்டில் துளசிங்கம்.

அவர் மீனவக் குப்பத்தில் இருபது வருஷம் பாடு பிரித்தவர். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடலாம் என்ற முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு இல்லாதவன் அன்றைக்கு வலையைத் தொடக்கூடாது. எடுத்த சீட்டை எதிர்த்து யாரும் பேசவும் கூடாது. தொண்டையில் கட்டி வந்து அவருக்குக் குரல் போய்விட்டது. அதிகாரம் போகவில்லை.

ஓய்வுக்கும் சீட்டுப் போட்டுவிடலாம் என்றார் காலையில். யார் பேர் வருகிறதோ அவர் இன்றைக்கு இங்கே ஒரு துரும்பையும் தொடக்கூடாது. அவருக்கு எழுதத் தெரியாது. அதனால் சீட்டு எழுதும் வேலையை அவளிடமே கொடுத்தார். ஏமாளி மனிதர் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

துளசிங்கம் சட்டியை மூன்று முறை குலுக்கினார். கண்ணை மூடிக் கையை விட்டார். கை வெளியே வரக் கொஞ்சம் அதிக நேரமே ஆனது. எடுத்ததைப் பக்கத்துக் கட்டில் சீனிவாசனிடம் நீட்டினார். காட்டூரில் வாத்தியாராக இருந்தவர். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“மெஹருன்னிசா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டிக்குள் இருக்கவே முடியாத பேர். இது மோசடி என்று சொல்ல வாயைத் திறந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு கட்டில்காரர்களும் அவளையே பார்த்தார்கள். கோவிந்தம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்தபடி மும்முரமாகப் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வேண்டாம், அடுத்த வெள்ளி கட்டாயம் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். துளசிங்கம் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். காற்றாகத்தான் வந்தது குரல்.

“இன்னிக்கு இங்க யாருக்கும் சாவுற பாடு கெடையாது, நர்ஸம்மா. நான் பிரிச்சி வெச்சிட்டேன். போய்த் தூங்கு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாத்தியார் சீட்டை மடித்து அவள் கையில் திணித்தார். கோவிந்தம்மா குடையை எடுத்துக் கொடுத்தாள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் சீட்டைப் பிரித்தாள்.

கோடு போட்ட தாள். கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. வேறு யாருடைய கோணல்மாணலான கையெழுத்தையோ எதிர்பார்த்தவளுக்கு முகம் சூடேறியது. அது அவளுடைய எழுத்து. நிர்வாகத்து நோட்டில், வருஷம் முடிகிறவரை ஒரே மூச்சில் அவள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வரிகளில் ஒன்று.

‘14.9.84. இன்று முழு ஓய்வு எடுத்துக்கொண்டேன். மெஹருன்னிசா.’

பழவேற்காடு பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகியது. எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு என்றாள்.