சண்டை இல்லாத வீடு

நிலவுக் குடியிருப்பில், பூமி தெரியும் ஜன்னல் வைத்த வீடு தம்பதிகளுக்கு மட்டும்தான். அந்த ஜன்னலுக்காகவே நிறைமதி, உடன் வேலை பார்க்கும் பரிதியைப் பேசிவைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆறாம் மாதம் வீட்டுக் கண்காணிப்பு இயந்திரம் சொல்லிவிட்டது: "இதுவரை ஒரு சண்டைகூட இல்லை. இது போலிக் கல்யாணம். வீட்டைக் காலி செய்யுங்கள்."

"சீக்கிரம் என்கிட்ட ஏதாவது குறை சொல்லுங்க," என்றாள் நிறைமதி.

பரிதி வெகுநேரம் யோசித்தான். "உங்க காபி பாகு மாதிரி இனிக்குது."

"அப்புறம் ஏன் தினமும் சாயங்காலம் ரெண்டாவது டம்ளர்?"

"குடிச்சு முடிக்கிறவரை பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்களே."

வீணாய்ப் போன மாலைகளை நினைக்க, அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இதைச் சொல்ல ஆறு மாசமா? வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்?"

சண்டை பதிவாகிவிட்டது, வீடு உங்களுக்கே என்று இயந்திரம் சொல்லிப் பார்த்தது. அவள் விடுவதாக இல்லை.