நீட்டாத கால்

காயம் வலது காலில்தான் இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் பங்குச் சாமி வலது காலைத்தான் கழுவுவார். அப்படியானால் அது வலது கால்தான்.

அன்று பெரிய வியாழன், ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். பூசையை மாலைக்கு மாற்றிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தோட்டத்துக் கோயிலில், பீடத்துக்கு முன்னால், பன்னிரண்டு ஆண்கள் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போஸ்தலர்களின் இடத்தில் அவர்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் சந்தியாகு.

அந்தக் கடைசி இடம் யூதாசுடையது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு. கங்காணிமார் யாரும் அதில் உட்காரமாட்டார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற ஆளுக்கு அது கிடைத்தது அப்படித்தான்.

"யூதாசண்ணே, காசு கெடைச்சா எங்களையும் கொஞ்சம் கவனிங்க!" என்று லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிற ஜோர்ஜ் கோயில் வாசலில் வைத்துக் கேலி செய்தான். இவர் சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டி உள்ளே போனார்.

உபதேசியார் றோலண்டிடம் கெஞ்சி அந்த இடத்தை வாங்கியது நான்.

தேயிலை வாதில் பட்டுத் தெறித்த கவ்வாத்துக் கத்தி, இவருடைய புறங்காலில் இறங்கியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம். கால் வீங்கிச் சீழ் வைத்தது. தோட்டத்து மருந்துக்காரர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கவ்வாத்து வந்தாத்தான் ஒங்க ஆளுகளுக்குக் காலு வலிக்கும்," என்றார்.

அவர் துண்டுச் சீட்டு எழுதாமல் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகிற லொறியில் ஏற்றமாட்டார்கள்.

மருந்துக்காரரை மீறத் தோட்டத்துத் துரையால்தான் முடியும்; துரை கேட்பது சாமியின் பேச்சை மட்டும்தான். சாமியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றால் இவர் போகமாட்டார். துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்று தவக்காலம் முழுவதும் கேட்ட பிரசங்கம் இவருக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஒப்புக்கொடுத்த பிறகு முறையிடுவது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல என்பார்.

அதனால்தான் உபதேசியாரிடம் போனேன்.

"இவரு வாயத் தொறக்கமாட்டாருங்க. சாமியே குனிஞ்சு பாக்கட்டும்."

உபதேசியார் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "யூதாசு எடந்தான் இருக்கு இசபெல்," என்றார்.

கோயிலுக்கு வருமுன் நானே கட்டை அவிழ்த்து, காலை வெந்நீரில் துடைத்துவிட்டேன். காயம் தெரிய வேண்டுமே.

பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் மழை. சாமி ஒவ்வொருவர் முன்னாலும் முழந்தாளிட்டார். வலது காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு, அடுத்தவரிடம் நகர்ந்தார்.

சாமி இவர் முன்னால் வந்து கையை நீட்டினார்.

இவர் இடது காலை நீட்டினார்.

மற்றக் காலை வேட்டிக்குள் இழுத்து, வாங்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சாமி செம்பைச் சரிக்கவில்லை.

உபதேசியார் குனிந்து, "அந்தக் காலு, சந்தியாகு. அந்தக் காலு," என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். சாமி முகத்தை உயர்த்தி இவரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அல்லது அது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். மழைச் சத்தம் நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு தண்ணீர் விழுந்தது. ஒரு கீறலும் இல்லாத காலை சாமி முத்தமிட்டார்.

பூசை முடிந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள், சாமியின் கார் வளைவில் இறங்கிவிட்டது. கீழ்த் தோட்டத்துக் கோயிலிலும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

இவர் படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"ஏங்க, ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"சாமி வாய் வைக்கிற எடம் புள்ள. அதுல போயி சீழையா காட்டுறது?"

லயம் வரை மழையில் நடந்தோம். அவர் என் தோளைப் பிடித்திருந்தார். கை சுட்டது.

மறைத்து வைத்ததை ஒப்புக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டார். ஆண்டவர் அன்றைக்குக் குனிந்ததே அந்தக் காலுக்காகத்தான் என்பது எனக்கே வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது. அதை அவரிடம் சொல்லலாம் என்றால் அப்போது அவர் இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது அவருக்குப் பல் கட்டிக்கொண்டது, வாயைத் திறக்க முடியவில்லை. அப்போது துண்டு கிடைத்தது. லொறியும் கிடைத்தது. உயிர்த்த ஞாயிறு அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மருந்துக்காரர் உடப்புசல்லாவைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். உபதேசியார் றோலண்ட் வட்டகொடையில் காலமானார். ஜோர்ஜ் அடுத்த வருஷம் தானாகவே கேட்டுக் கடைசி இடத்தில் உட்கார்ந்தான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. நான் அதே காம்பிராவில்தான் இருக்கிறேன்.

சாமி எங்கள் தோட்டத்தை விட்டு மாறிப் போகும்வரை, அதற்குப் பின் வந்த பெரிய வியாழன் தோறும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கால்களையும் நீட்டச் சொன்னார்.