திருவிழா அன்று ஒரு ஞானி

பழவேற்காடு ஏரியைப் பற்றி வந்திருந்த ஆன்மிகப் பயண நூலை மீனவன் பூவரசனே வாங்கிவந்து, கோட்டைக்குப்பம் ஊர்த்தலைவர் வேதாசலத்திடம் கொடுத்திருந்தான். மறுவாரம் அபிப்பிராயம் கேட்டு வந்து நின்றான்.

"புக்கு எப்படிண்ணா?"

"ஒரு எடத்துல மெய்சிலிர்த்துப் போச்சுடா. 'ஊரே அம்மன் திருவிழாவில் கூச்சலிட, ஒருவர் மட்டும் நடு ஏரியில் மௌனமாக வலை வீசினார். அவரே ஞானி'னு எழுதிக்கிறாரு. யாரா இருக்கும்?"

பூவரசன் மீசையை நீவினான். "நான்தாண்ணா. எழுதினவரு என் கையப் புடிச்சிக் கண்கலங்கிட்டாரு."

தலைவர் புத்தகத்தை மூடினார்.

"காப்புக் கட்டினப்புறம் யாரும் வலை போடக்கூடாதுன்றது ஊர்க்கட்டுப்பாடு. மீறினவன் எவன்னு ஆடி மாசத்துலேர்ந்து தேடினு இருக்கோம். சாயங்காலம் பஞ்சாயத்துக்கு வந்துடு."

பூவரசனின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"நல்ல புக்குடா" என்றார் தலைவர்.