கீர்த்திக்குத் தினமும் சைபர்

"என் பொண்ணு இன்னா பாவம் பண்ணா டீச்சர்? தினமும் அவளை சைபரா நிக்க வெக்கறீங்களாமே!"

சங்கரி வந்து நின்ற வேகத்தில், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு மொத்தமும் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் பாதி நெய்த புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தானையில் ஜரிகைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைக்கூட கவனிக்கவில்லை.

"உள்ள வாங்கம்மா. யார் சொன்னது?" என்றார் கிருஷ்ணவேணி டீச்சர்.

"எதிர்வீட்டு தனுஷ்தான். 'நான் நூறு, துளசி ஒண்ணு, கீர்த்தி எப்பவும் சைபர்'னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திக்கினு போறான். அவங்க அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது."

தனுஷ் மெதுவாக டெஸ்க்குக்குக் கீழே போனான்.

விஷயம் இதுதான். "இருநூற்று நாலு எழுதுங்க" என்றால் பாதி வகுப்பு 2004 என்று எழுதியது. மீதி வகுப்பு 24 என்று எழுதியது. பலகையில் எழுதி எழுதி அலுத்துப்போன டீச்சர், தெருவில் வீடு வீடாகப் போய், ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளில் தேய்ந்ததும் உடைந்ததுமாக ஒரு மூட்டை வாங்கி வந்தார்.

பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு. தரையில் சாக்பீஸால் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம். டீச்சர் நம்பரைச் சொன்னதும் மூன்று பிள்ளைகள் ஓடிவந்து கட்டத்தில் நிற்க வேண்டும். ஆளுக்கொரு பெரிய தட்டு, அதில் அவரவர் இடத்துக் குச்சிகள். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு மட்டும் தட்டு கிடையாது. அங்கே நிற்பவர் ஒரு கையைத் தூக்கி விரித்துக் காட்டி, "சைபர்!" என்று கத்த வேண்டும்.

ஒரே வாரத்தில் 2004 ஒழிந்தது. பிள்ளைகள் கணக்கு பீரியட் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"நல்ல விஷயம்தான் டீச்சர், வேணான்னு சொல்லல. ஆனா எல்லாரும் தட்டைப் பிடிச்சிக்கினு ஜம்முனு நிக்க, என் பொண்ணு மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?"

"நான் நிக்க வெக்கலம்மா. அவளேதான் ஓடிப்போய் நிக்கறா."

"நல்லா இருக்குதே! எந்தப் பொண்ணாவது ஆசைப்பட்டு சைபரா நிப்பாளா?"

டீச்சருக்கும் அது பிடிபடாத விஷயம்தான்.

"கூச்சமா இருக்கும். போகப் போக சரியாயிடும். துளசியைப் பாருங்க. கால்ல வலு இல்லைன்னு முதல்ல உக்காந்தேதான் இருந்தா. இந்த விளையாட்டு ஆரம்பிச்சதும் அவளே தட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறா! அது மாதிரி கீர்த்திக்கும் தைரியம் வரும். இன்னியோட சைபர் பாடம் முடியுது. திங்கக்கிழமைலேருந்து சைபரே வராத நம்பர்தான். போதுமா?"

சங்கரிக்கு முகம் மலர்ந்தது. கீர்த்திக்கு ஏனோ முகம் சுருங்கிப்போனது.

"இருங்க, விளையாட்டைப் பார்த்துட்டே போங்க. பிள்ளைங்களா, இருநூற்று நாலு!"

தனுஷ் டெஸ்க்குக்குக் கீழிருந்து பாய்ந்து வந்து நூறில் நின்றான். துளசி பெஞ்சைப் பிடித்துப் பிடித்து வந்து ஒன்றில் நின்றாள். நடுக் கட்டத்தில் கீர்த்தி. வெறுங்கை.

சங்கரியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இங்க வாடி. டேய் தனுஷு, ஒரு நாள் நீ சைபர்ல நின்னா ஒண்ணும் குறைஞ்சிட மாட்ட."

இரண்டு பெரிய கட்டு வைத்த தட்டு கீர்த்தியின் கைக்கு வந்தது.

"அம்மா, வேணாம்மா..."

"சும்மா இரு. தலையை நிமிர்த்து."

தனுஷ் நடுவில் போய் நின்றான். அவனுக்கு வருத்தமெல்லாம் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சைபரு!" என்று கூரை அதிரக் கத்தினான். வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் துளசியின் தட்டு ஆடியது. அப்புறம் முழங்கால் ஆடியது.

படாரென்று ஒரு சத்தம். கீர்த்தி தட்டைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு கட்டும் அவிழ்ந்து, இருநூறு குச்சியும் அறை முழுக்கத் தெறித்து ஓடின. அவள் தனுஷை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, துளசியின் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

துளசி நேராக நின்றாள். அவள் தட்டில் நாலு குச்சியும் அப்படியே இருந்தன.

"ஏண்டி அதைக் கீழ போட்ட?" என்று சங்கரி கத்தினாள்.

"தட்டு பிடிச்சா ரெண்டு கையும் போயிடுதும்மா," என்றாள் கீர்த்தி. "சைபருக்குதான் கை சும்மா இருக்குது. ஒண்ணைத் தூக்கிக் காட்டிட்டு, இன்னொண்ணால இவளைப் பின்னால பிடிச்சிக்குவேன்."

டீச்சர் துளசியைப் பார்த்தார். துளசி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"எனக்கும் நிக்கணும்னு ஆசை டீச்சர்."

அதற்குள் பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டு, "பத்து! இருபது!" என்று போட்டி போட்டுக் குச்சி பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். சங்கரியும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டினாள். நடுவில் ஒரு தடவை முந்தானையால் கண்ணைத் துடைத்ததில் ஜரிகைத் துணுக்கு கன்னத்துக்கு வந்து மின்னியது. கடைசிக் கட்டையும் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், திங்கக்கிழமையும் சைபர் வர்ற நம்பராவே சொல்லுங்க."